மோசின் நாகன்ட் போல்ட் இறுகினால் முதலில் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள்

பழைய ரஷ்ய மோசின் நாகன்ட் 91/30 ரைபிளில் நாலைந்து ரவுண்டு சுட்டதும் போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் உருளை) கைப்பிடி மேலே தூக்க வராமல் அடம் பிடிக்கிறதா? போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைச் சுத்தம் செய்யுங்கள். தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, 20 கேஜ் ஷாட்கன் வெண்கல பிரஷ்ஷை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்துச் சேம்பருக்குள் விட்டுச் சுழற்றுங்கள். பிரஷ் தண்டை டிரில்லில் மாட்டி மெதுவாக ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும். துணியில் பழுப்புப் பிசின் வருவது நிற்கும்வரை துடைத்து, உலர்த்தி, எண்ணெய் லேசாகத் தடவினால் போதும்.

பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த இந்தத் துப்பாக்கிகளுக்குத் துரு பிடிக்காமல் காஸ்மோலின் என்ற மெழுகுக் கிரீஸைப் பூசி வைத்திருந்தார்கள். வெளியே துடைத்தாலும் சேம்பருக்குள் ஒரு படலம் தங்கிவிடும். சுடும் சூட்டில் அது இளகிக் கோந்து மாதிரி ஆகி, விரிந்த தோட்டாக் கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. ரஷ்யத் தோட்டாவின் அரக்குப் பூச்சு மேல் பலர் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி காஸ்மோலின்தான்.

தோட்டா இல்லாமலே போல்ட் இறுக்கமாக இருந்தால் இது உதவாது. போல்ட்டைப் பிரித்து அதற்குள் இருக்கும் கிரீஸை எடுங்கள். போல்ட்டில் பொறித்த வரிசை எண்ணும் குழலில் பொறித்த எண்ணும் வேறாக இருந்தாலோ, சுட்ட கூடு வெடித்தோ உப்பியோ வந்தாலோ சுடுவதை நிறுத்திவிட்டு துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்கக் கொடுங்கள். அப்புறம், சேம்பருக்குள் உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.