இருபதாவது ஓவரில் தொடங்குங்கள்: கிரிக்கெட் மேனேஜர் விளையாட்டில் பவுலிங் ஆர்டர் போடுவது எப்படி?

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் அறுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் ஸ்டம்ப் நட்டுவிடுவோம். அங்கே கேப்டன் வேலை சுலபம். ஒருத்தனுக்கு அடி விழுந்தால் "போதும் மாப்ளே, பந்தைக் குடு" என்று வாங்கிக்கொள்ளலாம். ஆன்லைன் கிரிக்கெட் மேனேஜர் விளையாட்டுகள் பலவற்றில் அதற்கு வழியில்லை. எந்த ஓவரை யார் போடுவது, எப்படிப் போடுவது என்று மேட்ச்சுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

என் மாமா பையன் போன மாதம் இப்படி ஒரு அணியைத் தொடங்கினான். கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறான். தினமும் ராத்திரி போன் போட்டு சந்தேகம் கேட்பான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 20 ஓவர் மேட்ச்சை எடுத்துக்கொள்வோம். பட்டன் பெயர்கள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும், கணக்கு ஒன்றுதான்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

ஒரு பவுலர் 4 ஓவர்தான் போடலாம். ஆக, குறைந்தது 5 பேர் வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆறாவதாகவும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டிங் தெரிந்து, ஓரளவு பந்தும் போடுகிற ஆளாக இருந்தால் போதும். வீரர்களின் பக்கத்தில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஆளை எடுக்காதீர்கள். களைப்பு, ஃபார்ம் இரண்டையும் பாருங்கள். களைத்துப்போன நல்ல பவுலரைவிடத் தெம்பாக இருக்கும் சுமாரான பவுலர் பல மேட்ச்சுகளில் கைகொடுத்திருக்கிறான்.

கடைசியிலிருந்து எழுதுங்கள்

ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண் போடுங்கள். எல்லோரும் முதல் ஓவரிலிருந்து பெயர் எழுத ஆரம்பிப்பார்கள். நீங்கள் 20-இலிருந்து ஆரம்பியுங்கள்.

ஏன் என்று கேட்டால், நான் பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. எதிரணிக்கு 12 பந்தில் 30 ரன் வேண்டும். மற்ற நால்வரும் தங்கள் 4 ஓவரையும் முடித்துவிட்டார்கள். என் சிறந்த வேகப் பந்துவீச்சாளருக்கு 2 ஓவர் மிச்சம். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். 19-ஆவது ஓவரில் அவன் கொடுத்தது 5 ரன்தான். 20-ஆவது ஓவரை யார் போடுவது? அவன் போட முடியாது, இப்போதுதான் போட்டு முடித்தான். மற்றவர்களுக்கு ஓவரே இல்லை. விளையாட்டு தானாகவே என் தொடக்க ஆட்டக்காரன் கையில் பந்தைக் கொடுத்தது. ஐந்தாவது பந்தில் கதை முடிந்தது. ஸ்கோர்கார்டைப் பார்த்தால் என் நல்ல பவுலர் பெயருக்கு நேரே 3 ஓவர்தான் இருந்தது.

அதனால் கடைசி நாலு ஓவரை இரண்டு பேருக்குப் பங்குபோடுங்கள். சிறந்த வேகப் பவுலருக்கு 18, 20. இரண்டாவது வேகப் பவுலருக்கு 17, 19. யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடியில் குத்தும் பந்து), ஸ்லோ பால் திறமை யாருக்கு அதிகமோ அவர்களே இங்கே வர வேண்டும்.

இப்போது மேலே வாருங்கள். சிறந்தவருக்கு மிச்சம் 2 ஓவர்: 1, 3. இரண்டாமவருக்கும் 2: 2, 5. பவர்ப்ளேயில், அதாவது முதல் 6 ஓவரில், மீதியுள்ள 4, 6 மிதவேக ஆல்ரவுண்டருக்கு. நடுவில் 7 முதல் 16 வரை பத்து ஓவர். ஆஃப் ஸ்பின்னருக்கு 7, 9, 12, 15. இடக்கை ஸ்பின்னருக்கு 8, 10, 13, 16. மிச்சமிருக்கும் 11, 14 ஆல்ரவுண்டருக்குப் போகும். கூட்டிப் பாருங்கள், ஆளுக்கு நாலு, யாருக்கும் அடுத்தடுத்து வரவில்லை. ஆறாவது ஆள் பெயரை "மாற்று" என்ற இடத்தில் போட்டுவிடுங்கள். யாருக்காவது காயம் வந்தால் உதவுவான்.

"இதையெல்லாம் ஆட்டோவில் விட்டால் என்ன?" என்று மாமா பையன் கேட்டான். விடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

எப்படிப் போடச் சொல்வது

அடுத்தது தாக்குதல் அளவு. பெரும்பாலும் ஒரு கோடும் அதில் நகர்த்துகிற புள்ளியும் இருக்கும். ஒரு முனை விக்கெட்டைத் தேடும், பவுண்டரியும் போகும். மறு முனை ரன்னை அடைக்கும், விக்கெட் அபூர்வம்.

பவர்ப்ளே 6 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். ரன் எப்படியும் போகும், அதனால் விக்கெட்டுக்கே போங்கள். புதுப் பந்து ஸ்விங் ஆகிற, அதாவது காற்றிலேயே வளைகிற, நாளில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2022 செப்டம்பர் 28, திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானம். தீபக் சாஹரும் அர்ஷ்தீப் சிங்கும் பந்தை ஸ்விங் செய்ததில் தென்னாப்பிரிக்கா 9 ரன்னுக்கு 5 விக்கெட். அர்ஷ்தீப் ஒரே ஓவரில் மூன்று பேரை அனுப்பினார். அதே மேட்ச்சில் அஸ்வின் 4 ஓவரில் 8 ரன் கொடுத்தார், விக்கெட் ஒன்றுகூட இல்லை. நடு ஓவர்களுக்கான பாடம் அதில் இருக்கிறது. அங்கே புள்ளியை நடுவிலிருந்து ரன்னை அடைக்கும் முனைப் பக்கம் சற்றுத் தள்ளி வைத்து, ஸ்பின்னர்களுக்கு வெளியே ஐந்து பேரை நிறுத்துங்கள். ரன் வராத எதிரணி தானே தூக்கி அடிக்கும்.

டெத் ஓவர்களுக்கு, அதாவது அந்தக் கடைசி நாலு ஓவருக்கு, முழுத் தற்காப்பு, லெங்த் "ஃபுல்" (பந்து பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் குத்த வேண்டும்). கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்பின்னர்களைப் போடும்போது எதிரணியின் பேட்டிங் வரிசையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப் ஸ்பின் இடக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும். இடக்கை ஸ்பின் வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும். வெளியே போகிற பந்தை அடிப்பதுதான் கஷ்டம்.

பிட்ச், வானிலை பற்றி மேட்ச் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் ஊரில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது யாரை எந்த முனையில் போட வைப்பது என்பதே பெரிய சண்டை. விளையாட்டில் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஆனால் ராத்திரி மேட்ச்சில் பனி என்று போட்டிருந்தால், இரண்டாவதாகப் பந்து போடும்போது ஸ்பின்னர்களின் ஓவர்களை முன்னால் தள்ளுங்கள். ஈரப் பந்து விரலில் பிடிபடாது.

நேரத்தைப் பாருங்கள்

ஆர்டர் பூட்டப்படும் நேரம் சர்வர் கணக்கில் இருக்கும். இங்கிலாந்து நேரம் என்றால் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், கோடையில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அது மாறும். மழைக்காலத்தில் ராத்திரி கரண்டை நம்பி நான் இருப்பதில்லை, மத்தியானமே சேமித்துவிடுவேன்.

மேட்ச் முடிந்ததும் ஓவர் வாரியாகப் பாருங்கள், ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்துங்கள். மாமா பையனின் முதல் மேட்ச்சில் 16-ஆவது ஓவரில் 19 ரன் போயிற்று. ஆடியது இடக்கைக்காரன், போட்டது நம் இடக்கை ஸ்பின்னர். அந்த ஓவரை ஆல்ரவுண்டரின் 14-உடன் மாற்றினான். உடனே திரையில் சிவப்பு எழுத்து. 13-உம் அதே ஸ்பின்னருடையது அல்லவா! பத்து நிமிஷம் போனில் மௌனம். அப்புறம் அவனே கண்டுபிடித்தான்: 12-ஐயும் 13-ஐயும் இடம் மாற்றினால் இடக்கை ஸ்பின்னருக்கு 8, 10, 12, 14, ஆஃப் ஸ்பின்னருக்கு 7, 9, 13, 15. சிவப்பு போய்விட்டது.