கண்மாய்ல தூண்டில் போடப் போறீங்களா? எந்த மீன எடுக்கணும், எத விடணும்

இப்ப ராடு ரீல் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை ஆனா கண்மாய்க் கரைக்கு வர்ற தம்பிங்க நெறைய ஆயிட்டாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா மீன் பிடிக்கச் சொல்லித் தர்றதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு, பிடிச்ச மீன என்ன பண்ணணும்னு சொல்றதுக்கு ஆள் இல்ல, அதான் இத எழுதுறேன். சிவகங்கைப் பக்கம் இருக்கற ஒரு சின்ன ஊர்க் கண்மாய வச்சு சொல்றேன், மத்த ஊர் ஏரிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மொதல்ல ஒண்ணு, கண்மாய் பொதுன்னாலும் மீன் பொது இல்ல. பல ஊர்ல மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கற உரிமைய ஏலம் விட்டிருப்பாங்க, குத்தகை எடுத்தவரு காசு போட்டு குஞ்சு விட்டிருப்பாரு. அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு தூண்டில் போடுங்க, நாங்க பிடிச்சுட்டு விட்டுர்றோம்ணேன்னு சொன்னா நெறைய பேரு சரின்னுருவாங்க.

அடுத்தது உள்ள என்ன மீன் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். கட்லா மேல்தண்ணில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில சேத்தக் கிளறித் திங்கும். இந்த மூணும் ஓடுற தண்ணியில முட்ட போடுற ஆத்து மீனு, நம்ம கண்மாய்ல தானாப் பெருகாது. 1957ல ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரிங்கற மீன் விஞ்ஞானி ஊசி போட்டு முட்ட விட வச்சதுக்கு அப்பறந்தான் குஞ்சு இப்பிடி ஊர் ஊரா வர ஆரம்பிச்சது. அதனால குஞ்சு வாங்கி விட்டாத்தான் உண்டு, அரைக் கிலோகூடத் தேறாத கட்லாவ எடுத்தீங்கன்னா அந்த எடத்துக்கு அடுத்த வருஷம் குஞ்சு விடுற வரைக்கும் வேற கட்லா வராது.

ஜிலேபி அப்படியே தலைகீழ். 1952ல இந்தியாவுக்குக் கொண்டுவந்து மொதல்ல மண்டபத்துல விட்டாங்க, இன்னிக்கு அது இல்லாத கண்மாய் இல்ல. ரெண்டு மூணு மாசத்துலயே குஞ்சு போட ஆரம்பிச்சுரும், தாய் முட்டைய வாயிலயே வச்சு அடகாக்கும், அதனால குஞ்சு அவ்வளவா சாகாது. கூட்டம் பெருகப் பெருக எர பத்தாம எல்லாம் உள்ளங்கை சைஸ்லயே நின்னுரும். குத்தகைக்காரர் சரின்னா ஜிலேபிய எவ்வளவு வேணா எடுங்க, சின்னது பெருசுன்னு பாக்காதீங்க, மண்புழுவும் தக்கையும் இருந்தாப் போதும், சின்னப் புள்ளைங்ககூட ஒரு மணி நேரத்துல ஒரு சட்டி கொழம்புக்குப் பிடிச்சுரும். கண்மாய்க்கு அதுதான் நல்லது.

இப்ப விரால். ராடு வச்சிருக்கறவங்க எல்லாரும் இதுக்குத்தான் வர்றாங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்ல நாலு மணிக்கு மேல அல்லி எல ஓரமா பாருங்க, மூச்சு விட மேல வந்துட்டுப் போகும், தண்ணில ஒரு சின்ன வட்டம் விழும். அந்த எடத்துக்கு நேரா எறியாதீங்க, ரெண்டு மூணு அடி தாண்டி ஃப்ராக் லூர (தவள மாதிரி இருக்கற பொய் எர) எறிஞ்சு எல மேல மெதுவா இழுத்துட்டு வாங்க. அடிச்ச ஒடனே சுண்டிறாம ரெண்டு எண்ணுங்க, அப்பறம் இழுங்க.

ஆனா ஒண்ணு பாத்துக்கங்க. சில நேரம் தண்ணி மேல செவப்பா, கைப்பிடி அளவுக்கு, குட்டி குட்டியா கொதிக்கிற மாதிரி தெரியும், அது விரால் குஞ்சு. அடியிலயே தாயும் தகப்பனும் நிக்கும், அந்த எடத்துல லூர் விழுந்தா பசிக்கு அடிக்காது, குஞ்சக் காப்பாத்த அடிக்கும். நான் தெரியாத வயசுல அப்படி ஒண்ணு எடுத்தேன், ஒரு கிலோவுக்கு மேல இருந்துச்சு, எல்லாருக்கும் காட்டி சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலைல அதே எடத்துக்குப் போனா நீர்க்காக்கா உக்காந்திருக்கு, செவப்பு ஒண்ணுகூட இல்ல. அன்னிலருந்து குஞ்சப் பாத்தா லூர சுத்திட்டு வேற பக்கம் போயிருவேன். நீங்களும் போயிருங்க. விரால் கொறஞ்சா ஜிலேபிக் குஞ்சத் திங்க ஆள் இல்லாமப் போயிரும், கண்மாயோட கணக்கே மாறிரும். அதே மாதிரி ஐப்பசில மொத வெள்ளத்துல கலுங்கு, அதான் கண்மாய் நெறஞ்சா தண்ணி வழியுற எடம், அந்தப் பக்கம் ஏறி வர்ற ஏத்துமீனப் பூரா வழிச்சு எடுக்காதீங்க, நெறைய மீனு முட்டையோட வரும்.

விடுற மீன ஒழுங்கா விடணும். தூண்டில் முள்ளு நுனிக்குப் பக்கத்துல எதிர்ப் பக்கமா இருக்குமே சின்ன முள்ளு, அதக் கட்டிங் பிளேயரால மொதல்லயே நசுக்கிருங்க, கழட்டும்போது வாய் கிழியாது. கைய நனைச்சுட்டுத்தான் மீனத் தொடணும், காஞ்ச கையால பிடிச்சா மேல இருக்கற வழுவழுப்பு போயிரும், அது போச்சுன்னா புண்ணு வரும். செவுளுக்குள்ள வெரல விடாதீங்க, மண்ணுல போட்டு உருட்டாதீங்க. முள்ள முழுங்கியிருந்தா நோண்டாம தூண்டில் நரம்ப வாய்கிட்ட அறுத்து விட்டுருங்க. விரால் கொஞ்ச நேரம் வெளிய தாங்கும், கட்லா தாங்காது, போட்டோ எடுக்குறதா இருந்தா போன ரெடியா வச்சுட்டு மீனத் தூக்குங்க. தண்ணிக்குள்ள நேராப் பிடிச்சு வச்சுக்கங்க, அதுவா வால ஆட்டிட்டுப் போகும்.

முழுசா வத்துற கண்மாய்னா பங்குனிக்கு மேல விடுறதுல அர்த்தம் இல்ல, எடுத்து சமைச்சு சாப்பிடுங்க, எப்படியும் மீன்பிடித் திருவிழால ஊரே எறங்கி கச்சா வலையும் ஊத்தாக் கூடையுமா அள்ளிரும்.

ஊர்ல சேந்து குஞ்சு விடுறதா இருந்தா தண்ணி நெறஞ்சதும் விடுங்க, வெரல் நீளத்துக்கு வளந்த குஞ்சா வாங்குங்க, பொடிசா விட்டா விராலுக்குத்தான் எர. பத்துக்கு நாலு கட்லா, மூணு ரோகு, மூணு மிர்கால்னு கலந்தா மூணு மட்டத்துலயும் எர வீணாகாது. கவரப் பிரிச்சு ஒடனே கொட்டிறாதீங்க, அப்படியே தண்ணில கால் மணி நேரம் மெதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா கண்மாய்த் தண்ணிய உள்ள ஊத்தி, அப்பறம் சாய்ச்சு விடுங்க, அதுவா வெளிய நீந்தி வரும். ஆப்பிரிக்கக் கெளுத்திய மட்டும் யாரு குடுத்தாலும் விடாதீங்க, தடை பண்ண மீனு, இருக்கறதெல்லாம் தின்னு தீத்துரும். வீட்டுத் தொட்டில வளத்த டாங்க் கிளீனர் மீனையும் கொண்டுவந்து விடாதீங்க. இந்த ரெண்டும் தூண்டில்ல வந்தா திருப்பி விடாதீங்க.

விடிகாலைல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு இருந்தா தண்ணில காத்துப் பத்தலன்னு அர்த்தம், ஆகாயத்தாமரை மூடியிருந்தாலும், ரெண்டு நாள் தொடர்ந்து மோடமா இருந்தாலும் இப்படி ஆகும். அன்னிக்குத் தூண்டில் போடாதீங்க, குத்தகைக்காரருக்கு ஒரு போன் போட்டு சொல்லிட்டு, அறுந்த நரம்பு ஏதாச்சும் கரைல கெடந்தா சுருட்டிப் பையில போட்டுட்டு வந்துருங்க, நாரை கால்ல சிக்கும்.