சமாதி என்று நினைத்தேன், குறட்டையாம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் விடிய விடிய கன்டெய்னர் லாரி போகும். இங்கே உட்கார்ந்து தியானம் பழக முடியுமா என்றால், முடியும். மூன்று மாதம் தப்பாகச் செய்து, அப்புறம் நான் திருத்திக்கொண்ட முறை இது.

நேரம் உங்கள் வசதி. எனக்கு விடிகாலை ஐந்து மணி, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன். ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன்மேல் உட்காருங்கள். முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். விலை கொடுத்து வாங்கும் தியான மெத்தை எல்லாம் தண்டச் செலவு. செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு 20 நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். புல்லாங்குழல் போடும் ஆப் மட்டும் வேண்டாம், அது தாலாட்டு.

மூச்சு மூக்கு நுனியில் உரசும் இடத்தைக் கவனியுங்கள். வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. விட்டுப்போனால் மறுபடி ஒன்று. முதல் வாரம் நான் நாலைத் தாண்டவில்லை.

நான் சறுக்கியது இதற்கு அப்புறம்தான். ஒருநாள் எண்ணிக்கை மறைந்தது, உடம்பு லேசானது, நேரம் போனதே தெரியவில்லை. தூக்கத்தையும் தாண்டிய துரியம் என்றே முடிவு கட்டிவிட்டேன். நனவு, கனவு, சுழுத்தி என்கிற ஆழ்ந்த தூக்கம், துரியம், துரியாதீதம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்து அவத்தைகளில், அதாவது நிலைகளில், நான்காவது! அந்தப் பெருமையிலேயே மாதங்கள் ஓடின. ஒருநாள் மனைவி செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். தாடை நெஞ்சில் இடிக்கிறது, பனியனில் எச்சில் வட்டம், லாரிக்குப் போட்டியாகக் குறட்டை. நான் இருந்தது மூன்றாவதில்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஹாரன்தான் அளவுகோல். தூங்கியிருந்தால் ஹாரனுக்குத் தூக்கிவாரிப் போடும். மனம் குவிந்திருந்தால் ஹாரன் காதில் விழும், போகும், எண்ணிக்கை அறாது. யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் தாரணை, தியானம், சமாதி மூன்றும் ஒரே கவனம் மேலும் மேலும் இறுகுவதுதான். மந்தமாகிக்கொண்டே போனால் அது வேறு பாதை.

பௌத்தத்தில் இந்தத் தூக்கத்தை ஐந்து தடைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார்கள். உட்கார்ந்தபடி தூங்கி விழுந்த தன் சீடர் மொகல்லானருக்குப் புத்தர் சொன்ன வைத்தியத்தில் காது மடலை இழுப்பது, கைகாலைத் தேய்ப்பது, கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரத்தைப் பார்ப்பது, எழுந்து நடப்பது எல்லாம் உண்டு. எதற்கும் மசியவில்லையென்றால் கடைசியில் வலப்பக்கமாகப் படுத்துவிடச் சொல்கிறார்! துறைமுக வெளிச்சத்தில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து நாலைந்து நட்சத்திரம்தான் தெரியும் என்பதால் எனக்குக் காது மடல். கூடவே கண்ணைப் பாதி திறந்து வைக்கிறேன், சுவரில் சாய்வதில்லை.

பிறகு சேர்த்தது: முட்டி வலிக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்காருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நெற்றியில் ஒரு நாள் வெளிச்சம் தெரிந்தது, மறுநாள் காணோம் என்றார் இன்னொருவர். அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் வராது. வந்தாலும் மூச்சுக்கே திரும்புங்கள். படபடப்போ, ராத்திரி தூக்கம் கெடுவதோ தொடர்ந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூர் பட்டினத்தார் சமாதிக்குப் போய் உட்காருகிறேன். போன வாரம் ஒன்பது வரை வந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர் குறட்டை விட ஆரம்பித்தார். சிரிப்பு வந்துவிட்டது, மறுபடி ஒன்று.