ஐந்து அட்டையில் முப்பது ஆங்கிலச் சொல்

சில எழுத்துகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து எத்தனை சிறு ஆங்கிலச் சொற்கள் வரும் என்று கேட்டால், பலரும் எழுத்துகளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் நிமிடத்தில் ஏழெட்டுச் சொல் வந்துவிடும். பிறகு அதே சொற்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இங்கே குறை ஆங்கில அறிவில் இல்லை, தேடும் விதத்தில் இருக்கிறது.

ஏ, ஈ, எல், எஸ், டீ என்ற ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். (டீ என்பது டீக்கடையில் வரும் எழுத்து. தமிழில் எழுதும்போது அதன் பக்கத்து ஒலி எழுத்தோடு குழம்பும் என்பதால், அந்த இன்னொன்று இந்தக் கட்டுரையில் வராது.) பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 3 செ.மீ. சதுரமாக வெட்டி, ஒன்றில் ஓர் எழுத்து என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடிப்பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டால், வேறு எழுத்துகளோடு ஆடும்போது எம் தலைகீழாகி டபிள்யூ ஆகிவிட்டதா என்ற சண்டை வராது. அட்டைகளை வரிசையாக வைக்காதீர்கள். வரிசையாக இருந்தால் கண் இடமிருந்து வலமாகப் படித்து அதிலேயே மாட்டிக்கொள்ளும். வட்டமாகப் பரப்புங்கள்.

இந்த ஐந்தில் மூன்றெழுத்து, நான்கெழுத்து, ஐந்தெழுத்து வரிசைகள் மொத்தம் 300. அதை யாரும் வரிசை வரிசையாகச் சோதிக்க முடியாது. ஆனால் எந்தெந்த எழுத்துகள் சேர்கின்றன என்று மட்டும் பார்த்தால் இருப்பவை 16 கூட்டுகள்தான்: மூன்றெழுத்தில் 10, நான்கெழுத்தில் 5, ஐந்தெழுத்தில் 1. ஒரு கூட்டை எடு, அதைக் கலைத்துப் பார், முடிந்ததும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. முறை இவ்வளவுதான்.

மூன்றெழுத்திலிருந்து தொடங்குவோம். ஏ, ஈ, டீ கூட்டுதான் புதையல்: ஈ-ஏ-டீ (சாப்பிடு), ஏ-டீ-ஈ (சாப்பிட்டான்), டீ-ஈ-ஏ (தேநீர்), ஈ-டீ-ஏ (ஒரு கிரேக்க எழுத்தின் பெயர்). ஏ, ஈ, எல் கூட்டில் ஏ-எல்-ஈ (ஒருவகை பியர்), எல்-ஈ-ஏ (புல்வெளி). ஏ, ஈ, எஸ் கூட்டில் எஸ்-ஈ-ஏ, அதாவது கடல். ஏ, எஸ், டீ சேர்ந்தால் எஸ்-ஏ-டீ (உட்கார்ந்தான்). ஏ, எல், எஸ் சேர்ந்தால் எஸ்-ஏ-எல், நம் நாட்டுச் சால மரம்தான், ஆங்கில அகராதியில் அப்படியே ஏறியிருக்கிறது. ஈ-யை வைத்து எல்-ஈ-டீ (விடு), எஸ்-ஈ-டீ (அமை). ஏ, எல், டீ கூட்டிலும் ஈ, எல், எஸ் கூட்டிலும் அன்றாடச் சொல் கிடையாது. கிடைப்பது அகராதி மூலையில் கிடக்கும் சரக்கு. எல், எஸ், டீ மூன்றும் மெய்கள், அந்தக் கூட்டு வெறும் கையோடுதான் திரும்பும். உயிரெழுத்து இல்லாத கூட்டைக் கண்டதும் தாண்டிவிடுங்கள், நேரம் மிச்சம்.

நான்கெழுத்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. எதைச் சேர்ப்பது என்று யோசிக்காமல், எதை விடுவது என்று யோசியுங்கள். ஓர் அட்டையை உள்ளங்கையால் மூடினால் மீதி நான்கு.

டீ-யை மூடினால்: எஸ்-ஏ-எல்-ஈ (விற்பனை), எஸ்-ஈ-ஏ-எல் (முத்திரை), ஏ-எல்-ஈ-எஸ்.
எஸ்-ஐ மூடினால்: எல்-ஏ-டீ-ஈ (தாமதம்), டீ-ஏ-எல்-ஈ (கதை), டீ-ஈ-ஏ-எல் (சிறுவகை வாத்து, நீலப்பச்சை நிறத்துக்கும் அதே பெயர்).
எல்-ஐ மூடினால்: ஈ-ஏ-எஸ்-டீ (கிழக்கு), எஸ்-ஈ-ஏ-டீ (இருக்கை), ஈ-ஏ-டீ-எஸ், டீ-ஈ-ஏ-எஸ்.
ஈ-யை மூடினால்: எல்-ஏ-எஸ்-டீ (கடைசி), எஸ்-ஏ-எல்-டீ (உப்பு), எஸ்-எல்-ஏ-டீ (மெல்லிய மரச்சட்டம்).
ஏ-யை மூடினால்: எல்-ஈ-டீ-எஸ் ஒன்றுதான் உருப்படி.

ஐந்தெழுத்துக்குப் புதிதாகத் தேடவே வேண்டாம். கைவசம் உள்ள நான்கெழுத்துச் சொல்லின் முன்னால் விட்டுப்போன எழுத்தை ஒட்டிப் பாருங்கள். டீ-ஏ-எல்-ஈ முன்னால் எஸ் போட்டால் ‘ஸ்டேல்’ (நாள்பட்டது). எல்-ஏ-டீ-ஈ முன்னால் எஸ் போட்டால் ‘ஸ்லேட்’ (சிலேட்டு). டீ-ஈ-ஏ-எல் முன்னால் போட்டால் ‘ஸ்டீல்’ (திருடு, இரும்பு ஸ்டீல் அல்ல, அதற்கு இரண்டு ஈ வேண்டும்). கிழக்கின் முன்னால் எல் போட்டால் ‘லீஸ்ட்’ (மிகக் குறைவு). கதையின் பின்னால் எஸ் போட்டால் கதைகள். மூன்றெழுத்தில் 11, நான்கில் 14, ஐந்தில் 5, ஆக 30. இரண்டெழுத்தில் ஏ-டீ, ஏ-எஸ் இரண்டையும் சேர்த்தால் 32.

தமிழில் எழுதிப் படித்த கைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் ஒலியைக் கொண்டு எழுத்தைத் தேடுவோம். ஆங்கிலத்தில் ஏ என்ற ஒரே எழுத்து எஸ்-ஏ-டீ-யில் ஒருவிதம், ஏ-டீ-ஈ-யில் ஒருவிதம், டீ-ஈ-ஏ-வில் தனக்கென்று ஒலியே இல்லாதது போல. வாயால் உச்சரித்துத் தேடினால் பாதிச் சொல் நழுவிவிடும். அட்டையை நகர்த்திக் கண்ணால் தேடுங்கள். இரண்டு அமைப்பைக் கண் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, கடைசியில் நிற்கும் ஒலியில்லாத ஈ: சால மரத்தின் வாலில் ஒட்டினால் விற்பனை ஆகிறது. இன்னொன்று, ஈ-ஏ என்ற ஜோடி: மேலே வந்த கடல், தேநீர், கிழக்கு, இருக்கை, முத்திரை, வாத்து, திருட்டு எல்லாம் அதன் பிள்ளைகள்தான். தொடக்கத்தில் எஸ்-டீ, எஸ்-எல் வரும். எல்-எஸ், டீ-எல் வராது. முடிவில் எல்-டீ, எஸ்-டீ வரும்.

அடிக்கடி நடக்கும் தப்பு, இருக்கும் ஓர் எழுத்தை இரண்டு முறை செலவழிப்பது. இந்த ஐந்தில் எஸ்-ஏ-எல்-ஈ-எஸ், டீ-ஏ-எஸ்-டீ-ஈ, எல்-ஈ-ஏ-எஸ்-ஈ என்று எழுதிவிடுவார்கள். பேப்பரில் எழுதும்போது இது தெரியாது. அட்டையைக் கையில் எடுத்து அடுக்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். ‘லெட்டர்’ போல ஓர் எழுத்து இரட்டித்து வரும் தொகுப்பில் இது இன்னும் மோசம்: டீ இரண்டு, ஈ இரண்டு உண்டு, ஆனால் எல் ஒன்றுதான். டீ-ஆர்-ஈ-ஈ (மரம்) செல்லும். டீ-ஈ-எல்-எல் (சொல்) செல்லாது.

ஆட்டம் தொடங்கும் முன் மூன்று விஷயம் பேசி முடித்துவிடுங்கள்: எந்த அகராதி, மிகக் குறைந்த நீளம் எத்தனை, எஸ் சேர்த்த பன்மைக்கு மதிப்பெண் உண்டா. எஸ் தாராளமாக இருந்தால் ஆட்டம் சோம்பேறித்தனமாகிவிடும். நியூயார்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ புதிரில் எஸ் வராததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அங்கே 7 எழுத்து, நடு எழுத்து கட்டாயம், குறைந்தது நான்கெழுத்து, ஓர் எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். மதிப்பெண்ணுக்கு, எழுத்துப் பகடைகளைக் குலுக்கிச் சொல் தேடும் ‘பாகிள்’ விளையாட்டின் கணக்கு நல்லது: மூன்று, நான்கெழுத்துக்கு 1, ஐந்துக்கு 2, ஆறுக்கு 3, ஏழுக்கு 5, எட்டும் அதற்கு மேலும் 11. நேரம் 3 நிமிடம்.

நீங்களே தொகுப்பு தயாரிப்பதாக இருந்தால் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ‘ஸ்க்ராபிள்’ விளையாட்டின் பெட்டியைப் பாருங்கள். எழுத்தில்லாத வெற்றுக் கட்டை இரண்டையும் நீக்கினால் 98 எழுத்து, அதில் 42 உயிர்கள். ஈ மட்டும் 12. ஆக, 5 எழுத்துக்கு 2 உயிர், 7 எழுத்துக்கு 3 உயிர். இதற்குக் குறைந்தால் எல்லாக் கூட்டும் வறண்டுபோகும். க்யூ போட்டால் கூடவே யூ போடுங்கள்.

ஏழெழுத்தில் மூன்றெழுத்தும் அதற்கு மேலும் உள்ள கூட்டுகள் 99. அதை 3 நிமிடத்தில் முழுக்கத் துழாவ முடியாது. அங்கே நல்ல நான்கெழுத்துச் சொல் இரண்டு மூன்றைப் பிடித்து, முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டே போவதுதான் வழி. போட்டிக்காரர்களுக்குப் பொருள் கூடத் தேவைப்படுவதில்லை; பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்து ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியை வென்றார். குழந்தைகளுக்கு அந்த வழி வேண்டாம். பொருள் சொன்னால்தான் மதிப்பெண் என்று வையுங்கள், ஈ-டீ-ஏ, எல்-ஈ-ஏ இரண்டுக்கும் முதல் முறை மட்டும் விலக்கு கொடுத்து.