இலவசத் திறன் பயிற்சி: சேருமுன் மையத்தை அளந்து பார்ப்பது எப்படி

"70 சதவீத வேலைவாய்ப்பு" என்று மையத்தின் வாசலில் பலகை இருந்தால், எத்தனை பேரில் 70 சதவீதம் என்று கேளுங்கள். ஒரு பேட்ச்சில் 30 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் தேர்ச்சி பெறுகிறார்கள், 14 பேருக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது. 14-ஐ 20-ஆல் வகுத்தால் 70 சதவீதம் வந்துவிடும். ஆனால் மூன்றாம் மாதச் சம்பளம் வாங்கியது 8 பேர்தான் என்றால், சேர்ந்தவர்களில் அது 27 சதவீதத்தைக்கூடத் தொடாது. பலகையில் பொய் எதுவும் இல்லை, வகுக்கும் எண்தான் வேறு.

அதனால் கடைசி இரண்டு பேட்ச்சுகளுக்கு மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: சேர்ந்தவர்கள், தேர்ச்சி பெற்றவர்கள், மூன்றாம் மாதமும் வேலையில் இருந்தவர்கள். ஆஃபர் லெட்டரை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளச் சீட்டு, வங்கியில் ஏறிய சம்பளம், பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் விழுந்த தொகை, இவைதான் ஆதாரம். பி.எஃப். பிடித்தமே இல்லையென்றால், கொடுத்தது வேலையா அப்ரன்டிஸ் இடமா என்று பாருங்கள். அப்ரன்டிஸ், அதாவது வேலை பழகுநர், சட்டப்படி தொழிலாளி அல்ல. பழகும் காலம் முடிந்ததும் அதே நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்தது, பலரும் கேட்காமல் விடும் கேள்வி: இந்தப் பயிற்சி இல்லாமலே அந்த வேலை கிடைத்திருக்குமா? வளரும் நாடுகளின் பயிற்சித் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளை உலக வங்கிப் பொருளாதார அறிஞர் டேவிட் மெக்கென்சி 2017-இல் தொகுத்துப் பார்த்தார். நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அதனால் கூடுதலாக வேலைக்குப் போகிறவர்கள் சராசரியாக இரண்டு மூன்று பேர்தான் என்று தெரிந்தது. நீங்கள் சேரும் மையம் அந்தச் சராசரியைவிட மேலா என்று அறிய, அது ஆள் அனுப்பும் கம்பெனியின் கான்ட்ராக்டரிடம் விசாரியுங்கள். சான்றிதழ் இல்லாத பிளஸ் டூ பையனையும் அதே சம்பளத்துக்கு எடுப்பார்கள் என்றால், உங்களுக்கு மிஞ்சுவது பயிற்சிக் காலத்துச் சம்பள நஷ்டம். பேக்கிங், அசெம்பிளி வேலைகளில் இது சகஜம். வெல்டிங், சி.என்.சி. (கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம்), ஏ.சி. மெக்கானிக் போன்றவற்றில் கைவேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள்; அங்கே நல்ல பயிற்சிக்கு மதிப்பு உண்டு.

நல்ல பயிற்சியா என்பது பட்டறைக்குள் போனால் தெரிந்துவிடும். 30 பேருக்கு 3 வெல்டிங் மெஷின், நாளுக்கு 4 மணி நேரம் செய்முறை என்றால், ஒருவருக்கு 24 நிமிடம். மெஷின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கழிவுத் தொட்டியைப் பாருங்கள். வெட்டி ஒட்டிய இரும்புத் துண்டும் எரிந்த ராடின் மிச்சமும் அதில் இல்லையென்றால், அங்கே யாரும் பழகுவதில்லை.

சேர்ந்த வேலையை இரண்டாம் மாதமே விட்டு வருவதைச் சோம்பல் என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். கணக்கு வேறு சொல்கிறது. அடிப்படைச் சம்பளமே 15,000 என்று வைத்தால், பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 போகக் கையில் வருவது 13,087. ஓசூரிலோ ஒரகடத்திலோ தங்கி, அறைக்கும் சாப்பாட்டுக்கும் 5,500 செலவழித்தால் மீதி 7,587. சொந்த ஊர் ஜவுளிக்கடையில் 9,000 கிடைத்து வீட்டுச் சாப்பாடும் இருந்தால், திரும்பி வருவதுதான் லாபம். சேருமுன்பே இந்தக் கழித்தலை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். தங்குமிடமும் பஸ்ஸும் கம்பெனியே தருமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஓராண்டு, ஈராண்டு ஒதுக்க முடிந்தவர்களுக்கு, சில வாரக் குறும்பயிற்சியைவிட அரசு ஐ.டி.ஐ. நல்லது என்பது எங்கள் கருத்து. தமிழ்நாட்டில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. முடித்தபின் அப்ரன்டிஸ் இடம் தேடலாம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

எந்த மையமானாலும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். இலவசத் திட்டத்துக்கு "டெபாசிட்" கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பயிற்சி மும்முரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட வேண்டாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும்.