ஃபெர்மி தரவுகளைக் கொண்டு காமாக் கதிர் வெடிப்பை ஆராயும் முறை

2008 ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்துவரும் காமாக் கதிர் வெடிப்புகளின் (விண்வெளியிலிருந்து சிறிது நேரமே பாய்ந்துவரும் உயர் ஆற்றல் கதிர்வீச்சின்) தரவுகளை நாசா எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதால், பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரிந்த கல்லூரி மாணவர்கூட வீட்டிலிருந்தபடியே ஒரு வெடிப்பை ஆராயலாம். முதலில் ஒரே முகடு கொண்ட, நடுத்தரப் பிரகாசமுள்ள வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் 12 சோடியம் அயோடைடு உணரிகளும் 2 பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகளும் உள்ளன. முன்னவை கதிர்களின் ஆற்றலை ஏறத்தாழ 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முதல் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலும், பின்னவை 40 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலும் அளக்கின்றன. வெடிப்பின் திசையிலிருந்து 60 பாகைக்குள் நோக்கும் சோடியம் அயோடைடு உணரிகளில் இரண்டு மூன்றையும், அதே பக்கத்து பிஸ்மத் ஜெர்மனேட் உணரியையும் தேர்ந்தெடுங்கள். உணரி பதிவது துடிப்புகளின் எண்ணிக்கையே அன்றி வெடிப்பின் உண்மையான நிறமாலை (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர்வீச்சு என்ற பரவல்) அன்று. ஆகவே வந்த கதிரின் ஆற்றலை உணரி எவ்வாறு பதிவுசெய்யும் எனக் கூறும், ஒவ்வோர் உணரிக்கும் உரிய துலங்கல் கோப்பையும் உடன் இறக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எண்ணிக்கையைக் காலத்துக்கு எதிராக வரையுங்கள். நீண்ட வெடிப்புக்கு 1 வினாடி இடைவெளி போதும். குறுகியதற்கு 64 மில்லி வினாடி அல்லது அதனினும் நுண்ணியது தேவை.

என் கருத்தில், மிகுந்த பொறுமையைக் கோருவது பின்னணியைக் கழிக்கும் வேலைதான். ஃபெர்மி சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றுவதால் பின்னணிக் கதிர்வீச்சு ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. வெடிப்புக்கு முன்னும் பின்னும் அமைதியான பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆற்றல் பட்டைக்கும் தாழ்ந்த படியுள்ள பல்லுறுப்புக் கோவையைப் பொருத்துங்கள். மெல்லத் தேயும் வால்பகுதியைப் பின்னணி என்று கருதிவிட்டால் வெடிப்பின் கால அளவே குறைந்துவிடும்.

மொத்த எண்ணிக்கையில் 5 விழுக்காடு முதல் 95 விழுக்காடு வரை வந்துசேர எடுக்கும் நேரமே அந்தக் கால அளவு. 2 வினாடிக்குக் குறைந்தவை நியூட்ரான் விண்மீன் இணைவிலும், மிகுந்தவை பெருவிண்மீனின் வீழ்ச்சியிலும் பிறப்பவை என்பது பொது வழக்கு. ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்த 2021 டிசம்பர் 11 வெடிப்பைத் தொடர்ந்து, இணைவின் அடையாளமான கிலோநோவா என்னும் ஒளிர்வு தென்பட்டது. எனவே கால அளவை மட்டும் வைத்துத் தோற்றத்தை முடிவுகட்ட வேண்டாம்.

நிறமாலைக்கு ஒரு கணித வடிவத்தைப் பொருத்தும்போது, அயோடினின் உட்கவர்வு விளிம்பு (அயோடின் கதிரை உட்கவரும் அளவு திடீரென மாறும் ஆற்றல்) குறுக்கிடும் 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய பட்டைகளை விலக்கிவிடுங்கள்.

மிகப் பிரகாசமான வெடிப்புகளில் கருவியே திணறிவிடும். 2022 அக்டோபர் 9 அன்று பதிவான வெடிப்பில், மெல்லிய முன்துடிப்புக்கு மூன்று நிமிடங்களுக்குப் பின் எழுந்த முதன்மைப் பாய்ச்சலில், துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தரவின் ஒரு பகுதி இழக்கப்பட்டது. கருவிக் குழுவினர் பயன்படுத்த வேண்டாம் என அறிவித்துள்ள நேரங்களை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய வினாடிகளைத் தனித்தனியாகப் பொருத்துங்கள். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழிந்ததால் எழுந்ததாகக் கருதப்படும், 12 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய உமிழ்வுக் கோடு, முதல் பதிவுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்குப் பின் வந்த அத்தகைய வினாடிகளில்தான் கண்டறியப்பட்டு 2024இல் வெளியிடப்பட்டது.