நடுவாரத்து ஹோம் மெட்சுக்கு ஆள் வராததற்கு நாங்கள் செய்யும் பிழைகள்

போன மாதம் ஒரு புதன்கிழமை, கொழும்பில் மட்டக்குளிப் பக்கம் ஒரு கிரவுண்டில் உதைபந்தாட்டம் பார்க்கப் போனேன். புதுக் கழகம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுத் தம்பிமார் மூன்று பேர்தான் எல்லா ஏற்பாட்டையும் பார்த்தார்கள். மழை தூறத் தொடங்கியதும் கேட்டில் நின்ற தம்பி வானத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், பிறகு வரிசையில் நின்றவர்களிடம், "இப்ப விட்டிடும் அங்கிள், உள்ள போங்க" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வார்த்தையை அதே மாதிரி நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை பெரியது.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கழகத்தின் ஹோம் மெட்சுகளை, அதாவது எங்கள் பக்கத்துக் கிரவுண்டில் நாங்களே நடத்தும் ஆட்டங்களை, பதினெட்டு வருடம் நான் பார்த்தேன். கிரவுண்ட் பிடிப்பது, கோடு போடுவது, மத்தியஸ்தர்மாருக்குப் பிளேன்டீ கொடுப்பது, கடைசியில் டிக்கட் காசு எண்ணுவது எல்லாம் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் வருகிற அதே கிரவுண்டுக்கு ஒக்டோபர், நவம்பர் புதன்களில் நாற்பது பேர் வருவதைப் பார்த்திருக்கிறேன். போஸ்டரில் திகதி பிழைப்பது, பந்துக்குக் காற்றடிக்க மறப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். அவற்றை விடுகிறேன்.

ரசிகர்களைக் குறை சொல்லிவிட்டு இருந்துவிடுவது

"நம்ம ஆக்கள் இங்கிலீஷ் மெட்ச்தான் பார்ப்பாங்க, இங்க வரமாட்டாங்க." இதைச் சொல்லாத கழகச் செயலாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் இரவு 7.45க்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு நள்ளிரவு தாண்டி 1.15. சாம்பியன்ஸ் லீக் என்றால் 1.30. எங்கள் மெட்சோ பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டும் எங்கே மோதுகின்றன? காலையில் வேலை இருந்தும் அலாரம் வைத்து 1.30க்கு எழும்புகிற ஒருவனுக்குப் பந்தின் மேல் ஆசை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கிலாந்திலும் குளிர்கால நடுவார இரவுகளில் ஆசனங்கள் காலியாகத்தான் கிடக்கும். பிரீமியர் லீக்கில் அறிவிக்கிற எண்ணிக்கை விற்ற டிக்கட்டின் எண்ணிக்கை. சீசன் டிக்கட்காரர் வீட்டில் போர்வைக்குள் இருந்தாலும் அந்தக் கணக்கில் அவர் வந்தவர்தான். அவரை வீட்டில் நிறுத்துவது கடைசி ரயிலும், மறுநாள் பிள்ளையின் பள்ளிக்கூடமும், எலும்பைக் குத்தும் குளிரும். அதே நாட்டில் 1954 டிசம்பர் 13, திங்கட்கிழமை இரவு, வுல்வ்ஸ் அணி ஹங்கேரியின் ஹொன்வெட் கழகத்தோடு மின்னொளியில் விளையாடியபோது மொலினியூ மைதானத்தில் ஏறக்குறைய 55,000 பேர் நின்றார்கள். கால் புதையும் சேறு. இரண்டு கோல் பின்னால் கிடந்த வுல்வ்ஸ் 3-2 என்று வென்றது. ஆகவே வேலை நாளும் கெட்ட காலநிலையும் சேர்ந்தாலே ஆள் வராது என்று எழுதிவைத்துவிட முடியாது. 1995இல் சுகததாச விளையாட்டரங்கில் இலங்கை இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தபோது தொண்டை கிழியக் கத்திய ஊர்தான் இது.

சூரியனைக் கேட்காமல் நேரம் குறிப்பது

ஜூலையில் ஆறரை மணிக்கும் கொழும்பில் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே சூரியன் போய்விடும். கடல் பக்கம் மேகம் கட்டிவிட்டால் ஐந்தேகாலுக்கே தூரத்துக் கோல் கம்பம் மங்கும். மின்னொளி இல்லாத கிரவுண்டில் 3.45க்காவது தொடங்கினால்தான் ஆட்டத்தை முடிக்கலாம். ஆனால் 3.45க்கு யார் வருவார்கள்? அரச அலுவலகம் விடுவது 4.15க்கு. புறக்கோட்டைக் கடையில் நிற்கிற பொடியனுக்கு அந்த நேரத்தில் சாப்பிடவே விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் 1.30க்கு விட்டாலும் பிள்ளை நேரே டியூஷனுக்குப் போய்விடும்.

இதற்கு மருந்து போஸ்டரில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. லீக்கின் அட்டவணை வரைவாக இருக்கும்போதே, ஒக்டோபர், நவம்பர் நடுவார ஆட்டங்களை வெளி ஆட்டங்களாகவும், ஜனவரி, பெப்ரவரி ஆட்டங்களை ஹோம் ஆட்டங்களாகவும் கேட்டு எழுதுங்கள். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அந்த இரண்டும்தான். அட்டவணை அச்சடித்த பிறகு கேட்டால் யாரும் அசையமாட்டார்கள். நடுவாரத்தில் போயா (பௌர்ணமி விடுமுறை) விழுகிறதா என்றும் கலண்டரில் பாருங்கள். எல்லாருக்கும் விடுமுறையாக இருக்கிற அப்படியொரு புதன்கிழமை விழுந்தால் விடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை

கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிற நாள். கொட்டாஞ்சேனைக் கழகம் அன்று மெட்ச் வைக்கக்கூடாது.

நடக்காது என்று தெரிந்த பிறகும் "வாங்க" என்று சொல்வது

இதைத்தான் எழுத வந்தேன். பதினைந்து வருடம் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

ஒக்டோபர், நவம்பர் என்பது ஒரு பருவக்காற்று போய் மற்றது வருவதற்கு இடைப்பட்ட காலம். காலையில் கண் கூசும் வெயில். அந்த வெயில் கிளப்பிவிட்ட ஈரக்காற்று மத்தியானத்துக்குப் பிறகு இடிமேகமாகத் திரண்டு, பள்ளி விடுகிற நேரத்துக்கும் அலுவலகம் விடுகிற நேரத்துக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். எங்கள் மெட்ச் நேரமும் சரியாக அதுதான். வளிமண்டலவியல் திணைக்களம் அந்த மாதங்களில் அடிக்கடி சொல்கிற வாசகம் எனக்கு மனப்பாடம்: மேல் மாகாணத்தில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை. அன்றைக்கும் காலையிலேயே வானொலியில் அதைக் கேட்டேன்.

இரண்டரைக்கு மழை பிடித்தது. மூன்றுக்குக் கொஞ்சம் முன்னர் குடையோடு கிரவுண்டுக்குள் இறங்கினேன். ஒரு பக்கத்துப் பெனால்டிப் பெட்டி முழுக்கத் தண்ணீர். குதிகாலை ஊன்றினேன், சப்பாத்து மேல்விளிம்பு வரை போனது. பந்தைத் தோளுயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். துள்ளவில்லை. சளக்கென்று விழுந்து அங்கேயே மிதந்தது. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்த காட்சி. மழை அந்த நிமிடமே விட்டிருந்தாலும் 3.45க்கு அந்தத் தண்ணீர் வடிந்திருக்காது.

எனக்கு அது தெரியும். ஆனால் கிரவுண்ட் வாடகை கட்டியாகிவிட்டது. எதிரணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. கேட் காசை வைத்துத்தான் மத்தியஸ்தர்மாருக்குக் கொடுக்க வேண்டும். போன் அடிக்கத் தொடங்கியது. "மெட்ச் இருக்கா?" "இருக்கு, வாங்க." அந்த ஒரு மணித்தியாலத்தில் இருபது பேருக்காவது அப்படிச் சொல்லியிருப்பேன்.

அந்த இருபது பேரில் வெள்ளவத்தை அங்கிள் ஒருவர். இளமையில் எங்கள் கழகத்துக்குப் பின்வரிசையில் விளையாடியவர். பேரனைக் கூட்டிக்கொண்டு 155 பஸ் பிடித்து வந்தார். பொடியனுக்கு எட்டு வயது இருக்கும். பள்ளிச் சப்பாத்து நனையக்கூடாதென்று அதைக் கழற்றி சொப்பிங் பேக்கில் போட்டுக் கையில் பிடித்திருந்தான். காலில் பாட்டா. இரண்டு பேரும் டிக்கட் எடுத்து, கேட்டில் கிழித்து வாங்கிக்கொண்டு, தகரக் கொட்டகைக்குக் கீழே போய் நின்றார்கள். நாலேகாலுக்கு மின்னல் தொடங்கியது. ஐந்து தாண்டி மத்தியஸ்தர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மைக் நனைந்துவிடும் என்று அதைக் கழற்றி உள்ளே வைத்திருந்தோம். அதனால் மெட்ச் இல்லை என்று யாரும் யாருக்கும் அறிவிக்கவில்லை. எதிரணி பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துத்தான் சனம் விளங்கிக்கொண்டது.

அங்கிள் என்னிடம் வந்தார். கையை விரித்துக் காட்டினார். பாதி டிக்கட், ஊறிப்போய், ரோஸ் நிறச் சாயம் உள்ளங்கையில் இறங்கியிருந்தது.

"தம்பி, இது அடுத்த மெட்சுக்குச் செல்லுமா?"

கிழித்த டிக்கட் செல்லாது, கணக்குக் குழம்பும் என்றேன்.

தலையை ஆட்டினார். "நான் உங்களுக்குப் போன் எடுக்கேக்க மணி மூணு. அப்பவே தெரிஞ்சிருக்கும், என்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. குடையைப் பேரன் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை.

அடுத்த புதன் ஒரு துளி மழை இல்லை. நல்ல ஆட்டம், நாங்கள் வென்றோம். போனில் கேட்ட அந்த இருபது பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். மழையைக் குற்றம் சொல்ல அன்றைக்கு எனக்கு வழியே இருக்கவில்லை. ஒரு புதன்கிழமை நான் சொன்ன பொய், அவர்களுக்கு எல்லாப் புதன்கிழமையையும் சந்தேகமாக்கிவிட்டது. சாம்பியன்ஸ் லீக் இரவு 1.30 என்று சொன்னால் 1.30க்கு ஆட்டம் தொடங்குகிறது, அதனால் அலாரம் வைக்கிறார்கள். எங்களுடையதற்குப் பஸ் காசும், அரை நாள் லீவும், பிள்ளையின் டியூஷனும் போட்டுவிட்டு வந்து தகரக் கொட்டகையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் வராமல் விட்டது நியாயம்.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியதைச் சொல்கிறேன். முடிவு சொல்ல ஒரே ஒரு ஆள். மழை மாதங்களில் மத்தியானம் 1.30க்கு அவர் கிரவுண்டைப் பார்ப்பார், 2.15க்கு வட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி, தமிழிலும் சிங்களத்திலும். செய்தி மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: "நடக்கும்", "நடக்காது", அல்லது "3 மணிக்கு மறுபடி சொல்வோம், அதுவரை வெளிக்கிட வேண்டாம்". மூன்றாவதைப் போட வெட்கப்படாதீர்கள். ஆட்டத்தைக் கைவிடுகிற அதிகாரம் மத்தியஸ்தருக்குத்தான் என்று தம்பிமார் என்னிடம் சட்டம் சொல்வார்கள். சரிதான். ஆனால் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது என்று நீங்கள் கண்டதைச் சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முடிந்தால் மத்தியஸ்தரையே நேரத்தோடு வரச் சொல்லுங்கள். பிரீமியர் லீக் மைதானங்களில் புல்லுக்குக் கீழே சூடேற்றும் குழாய் இருக்கிறது. அந்த வசதி இல்லாத சிறு கழகங்களில், உறைபனி நாளில் ஒரு மத்தியஸ்தர் நேரத்தோடு வந்து தரையைப் பார்ப்பார், ரசிகர்கள் ரயில் ஏறுவதற்கு முன் செய்தி போய்விடும்.

டிக்கட்டையும் ஆட்டம் தொடங்கும்வரை கிழிக்காதீர்கள். பின்பக்கத்தில், "ஆட்டம் தொடங்காவிட்டால் அடுத்த ஹோம் மெட்சுக்குச் செல்லும்" என்று ஒரு ரப்பர் முத்திரை குத்துங்கள். கணக்குக் குழம்பும் என்று நான் பயந்தேனே, ஒரு நாளும் குழம்பவில்லை.

மின்னல்

தகரக் கொட்டகையும் மரநிழலும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும்வரை ஒருவரையும் திறந்தவெளியில் விடாதீர்கள். பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபமோ சனசமூக நிலையமோ இருந்தால் சாவி யாரிடம் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

இலவச டிக்கட்

இரண்டு முறை அள்ளிக் கொடுத்தேன். மழை நாளில் அவர்களில் ஒருவரும் வரவில்லை.

பெண்களை மறப்பது

எங்கள் வீரர்களின் அம்மாமாரும் அக்காமாரும் ஞாயிறு வருவார்கள், நடுவாரம் வரமாட்டார்கள். வீட்டு வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோல்காப்பாளனின் அம்மாவிடமே கேட்டேன். "ஞாயிறு என்டா பக்கத்துச் சேர்ச்சில டொய்லட் திறந்திருக்கும் தம்பி. புதன்ல எங்க போறது?" என்றார். இத்தனை வருடம் எங்களில் ஒரு ஆணுக்கும் இது தோன்றவில்லை. கிரவுண்டில் இருந்த ஒரே டொய்லட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பல்பும் இல்லை. தாழ்ப்பாள் போட்டு, பல்பு மாட்டி, வாளியும் சவர்க்காரமும் வைத்தோம். அடுத்த மாதமே ஆறு பெண்கள் வந்து ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வந்தால் பிள்ளைகளும் வருகிறார்கள்.

பஸ்

மின்னொளி இருக்கிற கிரவுண்ட் கிடைத்தால் 7 மணிக்குத் தொடங்கத்தான் எல்லாருக்கும் ஆசை. எட்டரைக்குப் பிறகு கொழும்பில் பஸ் ஐதாகிவிடும். ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு டிக்கட்டைப் போல பல மடங்கு. 6.15க்குத் தொடங்கினால் எட்டு மணி தாண்டியவுடன் ரோட்டில் நிற்கலாம். பிரதம அதிதி, மாலை, பேச்சு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

கடலை வண்டி

கேட்டிலிருந்து விரட்டாதீர்கள், உள்ளே எடுங்கள். இஸ்ஸோ வடைக்காரரையும் கூப்பிடுங்கள். மழை விடுகிறதா என்று பார்த்து நிற்கிறவர்களின் கையில் சூடாக ஏதாவது இருக்க வேண்டும்.